புஷ்பராணி அக்காவின் பாலும் நமது பால்மாவும்

ஜூலை எட்டாந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். கழுவிக் கவிழ்த்த போத்தல்கள் பதினெட்டு. பால் கேன்கள் ஏழு.

நேரம் என் தொலைபேசியில் பதிவாகியிருக்கிறது. போத்தல்களையும் கேன்களையும் ஒரு மணித்தியாலம் கழித்து நானே எண்ணினேன். அப்போது எனக்குச் செய்வதற்கு வேறு எந்த வேலையும் இருக்கவில்லை.

ஏழு பத்துக்கு அழைத்தவர் நவ்பர் நானா. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். பால் பத்து நிமிடம் பிந்தினாலும் அவருக்குத் தாங்காது. "பாலு இன்னம் வரல்ல தம்பி. மெஷின்ல என்னமோ பிரச்சினை போல. ஒருக்காப் போய்ப் பாருங்களே" என்றார். குளிரூட்டிகளைத் திருத்துவது என் தொழில். புஷ்பராணி அக்கா ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தினமும் ஆறேகால் பஸ்ஸில் டவுனுக்குப் பால் கொண்டுவருகிறவர். அவருடைய குளிரூட்டும் தொட்டியைப் பொருத்தியவன் நான். பால் வரவில்லை என்றால் தொட்டி பழுது. எனக்கும் நானாவுக்கும் வேறு காரணமே தோன்றவில்லை.

வழி நெடுக அக்காவைத் திட்டிக்கொண்டே போனேன். முன்பு ஒருமுறை தொலைபேசிக்குச் சார்ஜ் போடுவதற்காகத் தொட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு மறந்துபோனவர் அவர். இன்றும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைத்தேன். லயத்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். யாரையும் பார்க்காமல், கருவிப் பையைத் தோளில் போட்டபடி நேராக அவருடைய வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனேன். வெப்பமானி நான்கு பாகை காட்டியது. கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் சீராக இருந்தது. எட்டுக் கேன் வைப்பதற்காக நான் மாற்றியமைத்த தொட்டியில் ஏழு கேன் நின்றது. திரும்பி, பின்னால் வந்து நின்ற பெண்ணிடம் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன், மெஷின் நல்லாத்தான் இருக்கு என்று.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லைங்க தம்பி" என்றார் அவர். "அக்காதான் போயிட்டாங்க."

சொன்னவர் மகேஸ்வரி. பக்கத்துக் காம்பிராவில் குடியிருப்பவர். அவருக்கும் ஒரு பசு இருக்கிறது. விடிய ஐந்தேகாலுக்கு ஏழு வீட்டுப் பாலையும் வாங்கித் தொட்டியில் இறக்கிவிட்டு, போத்தல்களை நிரப்புவதற்கு முன் படியில் கொஞ்சம் உட்கார்ந்தாராம் புஷ்பராணி அக்கா. எழும்பவில்லை. இருதயம் என்றார்கள். வயது நாற்பத்தொன்பது.

டவுன் வர்த்தகர் சங்கம் நினைவு மலர் ஒன்று போடப்போகிறதாம். "நாலு வரி உருக்கமா எழுதித் தாங்க தம்பி" என்று கேட்டார்கள். நாலு வரியில் அடங்கவில்லை. உருக்கமாகவும் வரவில்லை. அருவருப்பாகத்தான் வருகிறது. சங்கம் இதைப் போடாது என்று தெரியும். போடாவிட்டால் புகைப்படம் எடுத்து எல்லோருடைய தொலைபேசிக்கும் நானே அனுப்புவேன். ஒரு காலத்தில் அவரிடம் பால் வாங்கி, பிறகு நிறுத்திக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். உங்களில் பலருடைய முகம் எனக்குத் தெரியும். என் முகமும் உங்களுக்குத் தெரியும்.

முதலில் அவரைக் கண்டது பால்மா வரிசைக் காலத்தில். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை என்று நாடே தெருவில் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. நானும் நின்றேன். ஒரு கடையில் ஆளுக்கு ஒரு நானூறு கிராம் பக்கெட் என்று கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்றவரோடு அது தீர்ந்தது. சுற்றிவரத் தேயிலைத் தோட்டம். ஒவ்வொரு லயத்துக்கும் பின்னால் இரண்டு மூன்று மாட்டுக் கொட்டில். அந்த மாடுகளைத் தாண்டிக் கீழே இறங்கி வந்து, கப்பலில் வருகிற தூளுக்கு வரிசையில் நிற்கிற ஊர் இது. அன்று எனக்கு இது உறைக்கவில்லை. பக்கெட் கிடைக்காத கோபம் மட்டும்தான் இருந்தது.

அந்த வாரம்தான் லயத்தில் யாருடைய பழைய ஐஸ்கிரீம் பெட்டியோ வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெற்றோல் இல்லாததால் நடந்து போனேன். போய்ச் சேர்ந்தபோது எனக்கு நல்ல குணம் எதுவும் மிச்சமில்லை. பெட்டியைத் திறந்தேன். உள்ளே போத்தல்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கம்பளி நூல். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், சாம்பல். பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து எடுத்த நூல். இது என்ன கோயில் நேர்த்தியா என்று கேட்டேன்.

"நேர்த்தியும் இல்ல, கீர்த்தியும் இல்ல. வீடு" என்றார் புஷ்பராணி அக்கா. "செவப்பு ஒரு வீட்டுப் பாலு. பச்ச ஒரு வீட்டுப் பாலு. யாரு வீட்டுப் பாலுன்னு தெரியாம எப்பிடிங்க குடிக்கிறது?"

பதினொரு வீடுகள் அப்போது அவரிடம் பால் ஊற்றின. ஒரு வீட்டுப் பாலை இன்னொரு வீட்டுப் பாலோடு அவர் கலக்கவே மாட்டார். எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தொழில்நுட்பக் கல்லூரியில் நான் படித்தது நேர்மாறு. எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்று, சீராகக் குளிரவை, ஒரே தரமாகக் கொடு. அதை அவருக்கு விளக்கினேன். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, இது எப்பங்க ஓடும் என்று மட்டும் கேட்டார்.

நூலின் வேலையைப் பிறகு கண்ணால் கண்டேன். டவுனில் பால் வாங்குகிறவர்களுக்கு நிறம் பழகிப்போயிருந்தது. ஒருநாள் நீல நூல் போத்தலில் தண்ணீர் கலந்திருந்தது. மூன்று வீட்டில் மூன்று பேர் "நீலம் இன்னைக்கு சரியில்ல" என்றார்கள். அக்கா லயத்துக்குத் திரும்பி, நீல வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பீலியடியில் தண்ணீருக்கு நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நீலத்து மாடு நேற்று நிறையத் தண்ணி குடிச்சிருச்சு போல என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு அந்த வீட்டுப் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பச்சைக்கு வேறு கதை. ஒரு ஆசிரியர் பச்சை நூல் மட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அது மகேஸ்வரி வீட்டுப் பால். அந்தப் பெருமையில் மகேஸ்வரி ஒரு மாதம் லயத்தில் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பால்மா இல்லாத அந்த மாதங்களில் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். பெட்டி போதவில்லை. விடிகாலையில் லயத்து வாசலில் டவுன் ஆட்கள் போத்தலோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பெரிய உத்தியோகத்தர்கள் அக்காவை "அம்மா" என்றார்கள். அவரோடு நின்று படம் எடுத்து, "உள்ளூரைக் காப்போம்" என்று முகநூலில் போட்டார்கள். சங்கம் ஒரு கூட்டம் வைத்துப் பொன்னாடை போர்த்தியது. போர்த்திய கையோடு தலைவர் தன் வீட்டுக்கு நாலு போத்தல் தனியாக எடுத்துவைக்கச் சொன்னதையும் கேட்டேன். அந்தப் பொன்னாடையை அடுத்த நாளே அக்கா போத்தல்களைச் சுற்றப் பயன்படுத்தினார். பஸ்ஸில் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க. பார்த்துவிட்டு நான் சிரித்தபோது சொன்னார்: "பாலுக்குத்தானே போத்துனாங்க. அது போத்தட்டும்."

அந்த நேரத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

பண்டாரவளையில் மூடிக்கிடந்த ஒரு விடுதியில் பழைய குளிரூட்டும் தொட்டி ஒன்று இருந்தது. அதை வாங்கித் திருத்தி, பதினொரு வீட்டுப் பாலையும் ஒன்றாக ஊற்றினால் இரண்டு மடங்கு ஆட்களுக்குக் கொடுக்கலாம் என்றேன். அவர் ஒரு கிழமை முழுக்க மறுத்தார். நான் ஒரு கிழமை முழுக்கப் போனேன். கடைசி நாள் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அன்று அதை நான் காதிலேயே வாங்கவில்லை.

"எல்லாத்தையும் ஒண்ணா ஊத்துனா, தப்புப் பண்றவன் எங்க போய் ஒளிஞ்சிக்குவான் தெரியுமா? எங்க எல்லாருக்குள்ளயும் ஒளிஞ்சிக்குவான். நாளைக்கு நீங்க யாரத் தேடுவீங்க?"

யாரையும் தேடவேண்டி வராது என்றேன். தொட்டியை இறக்கினோம். நூல்கள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போயின.

இரண்டு மாதம் கழித்துப் பால் தண்ணீராக இருக்கிறது என்று டவுனில் பேச்சு வந்தது. நான் பால்மானியோடு போய் அளந்தேன். தண்ணீர்தான். யார் ஊற்றியது? தெரியாது. பதினொரு வீடும் ஒன்றையொன்று பார்த்தது. ஒவ்வொரு வீட்டுப் பாலையும் தினமும் அளக்கலாம் என்று நான் சொன்னது எரிகிறதில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. எங்களைக் கள்ளன் என்கிறீர்களா என்று கேட்டார்கள். அப்படித்தான் கேட்பார்கள். நான் படித்த எந்தப் பாடத்திலும் இந்தக் கேள்வி இல்லை. சண்டை முற்றி மூன்று வீடுகள் விலகின. பால் போக இடமில்லாததால் மாட்டை விற்றன. இந்த மூன்று மாட்டுக்கும் பொறுப்பு நான். தொட்டி இல்லை, அக்கா இல்லை, நான்.

சரியாக அந்த நேரம் கப்பல் வந்தது. பால்மா கடைக்குத் திரும்பியது. உங்களுக்கு ஒரு காரணமும் தயாராக இருந்தது: "உங்க பாலு தண்ணிதானே அக்கா." ஒரு கிழமைக்குள் பாதிப்பேர் நின்றுவிட்டீர்கள். போத்தலைத் திருப்பித் தந்தவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள் அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தீர்கள். ஒருவர் திருப்பித் தந்த போத்தலில் மண்ணெண்ணெய் நாற்றம் போகவே இல்லை. அக்கா அதை மூன்று நாள் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டு, கடைசியில் உடைத்துப் புதைத்தார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் தொட்டியைத் திட்டினேன். அவர் பிஸ்கட் டின்னைத் திறந்து நூல்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "மெஷின் மேல தப்பில்லைங்க தம்பி. அதுக்கு யாரையும் தெரியாது, அவ்வளவுதான்" என்றார். பிறகு, கேன்களைத் தனித்தனியே வைத்துக் குளிர வைக்க முடியாதா என்று கேட்டார். முடியும். தொட்டிக்குள் பாலுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பி, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கேன்களை நிறுத்தினால் போதும். மிச்சமிருந்த எட்டு வீட்டுக்கு எட்டுக் கேன். கழுத்தில் நூல். ஒருநாள் வேலை. முதலிலேயே அவர் கேட்டதைச் செய்திருந்தால் மூன்று மாடு மிஞ்சியிருக்கும்.

அவர் எல்லாவற்றிலும் சரியானவர் என்று எழுத எனக்கு வராது. வாய் பொல்லாதது. ஒரு அதிபரின் மனைவி கிழமைக்கு இரண்டு போத்தல் மட்டும் போதும் என்றார். "மாடு கிழமையில ரெண்டு நாளுதான் கறக்கும்னு யாருங்க சொன்னா?" என்று கேட்டு அந்த வாடிக்கையை அன்றோடு முடித்துக்கொண்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் ஒரு வீடு போனது போனதுதான். இன்னொன்று. யாருக்கு எந்த நூல், எந்த வீட்டுப் படியில் வைக்கவேண்டும், எந்த வீட்டில் நாய், எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. யாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவுமில்லை. எழுதித் தாருங்கள், நான் பட்டியல் போடுகிறேன் என்று எத்தனை தரம் கேட்டேன். தலையைத் தட்டிக் காட்டுவார். அந்தத் தலை இப்போது இல்லை. இதற்காக அவரை இன்றைக்கும் திட்டுகிறேன்.

விட்டுப்போகாதவர் நவ்பர் நானா. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். பால்மாவில் டீ போட்டால் அவருக்கு வேலையும் குறைவு. அக்காவுக்கு உதவத்தானே வாங்குகிறீர்கள் என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "உதவி செய்ய நான் ஆரு? எனக்கு நல்ல டீ ஊத்த வேணும். அவவுக்குப் பால் விக்க வேணும். இதுல உதவி எங்க ஈக்கிது?" என்றார். இந்த ஊரில் அந்தப் பெண்ணை மரியாதையாக நடத்தியவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அவர் பொன்னாடை போர்த்தவில்லை. செவ்வாய்க்கிழமையும் வாங்கினார், புதன்கிழமையும் வாங்கினார். கடையில் பால்மா குவிந்து கிடந்த நாளிலும் வாங்கினார்.

இனி அஞ்சலிக் கூட்டம்.

பதினாறாம் நாள் முடிந்த ஞாயிறு காலை, டவுன் மண்டபத்தில் சங்கம் கூட்டம் வைத்தது. மேடையில் அக்காவின் படம் பெரிதாக இருந்தது. பொன்னாடை போர்த்தியபோது எடுத்த படம். வேறு படம் யாரிடமும் இல்லை. "உள்ளூர் உற்பத்தியின் உயிர்நாடி" என்று எழுதியிருந்தார்கள். ஆறு பேர் பேசினார்கள். நெருக்கடி காலத்தில் அவர் எங்கள் பிள்ளைகளுக்குப் பால் வார்த்தார் என்றார் ஒருவர். சிறு தொழில்களை நாம் கைவிடக்கூடாது என்றார் இன்னொருவர். யார் யாரைக் கைவிட்டது என்று சொல்லவில்லை. நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் நவ்பர் நானா. முன்வரிசையில், ஹல்துமுல்லையில் கட்டிக்கொடுத்த அக்காவின் ஒரே மகள்.

பேச்சு முடிந்ததும் டீ வந்தது. கடதாசிக் கோப்பையில், வெள்ளையாக, மேலே இலேசாக நுரை. ஒரு வாய் குடித்தேன். எழுந்து மண்டபத்துக்குப் பின்னால் போனேன். வாளிக்குப் பக்கத்தில் வெட்டிப் போட்ட பால்மா பக்கெட்டுகள் கிடந்தன. நான் எண்ணவில்லை. எண்ணினால் கை நீண்டிருக்கும்.

தலைவர் அங்கேதான் நின்றார். மளிகைக்கடை முதலாளி. பக்கெட்டுகள் அவருடைய கடையிலிருந்துதான் வந்திருக்கும். ஏன் ஐயா, இன்றைக்காவது அந்த லயத்துப் பாலை எடுத்திருக்கலாமே, ஏழு வீடு கறந்துகொண்டுதானே இருக்கிறது என்றேன். அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்பதே பிடிபடவில்லை. நடிக்கவில்லை, உண்மையிலேயே பிடிபடவில்லை.

"கூட்டத்துக்கு இதுதான் தம்பி சுகம்" என்றார். "பாலு காய்ச்சி, ஆத்தி, அதெல்லாம் யாரு பாக்குறது? நீங்க குடிங்க, ஆறிடப்போகுது."

திரும்பி வந்தேன். அக்காவின் மகள் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு, நாற்காலிக்குக் கீழே மெதுவாக வைத்தார். யாரும் பார்க்கவில்லை. நவ்பர் நானா கோப்பையைத் தொடவே இல்லை. நான் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். வெட்கமாக இருந்தது. ஏனென்று இப்போது சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் மேலே எழுதிய அத்தனையையும் எழுத எனக்கு வாயில்லை.

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை. தொட்டியின் வெப்பக் கட்டுப்பாட்டியை மாற்றப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் அக்கா டீ போட்டார். அவருடைய டீ. நல்ல சாயம், கெட்டிப் பால். குடித்துக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டார், வீட்டில் என்ன பால் தம்பி என்று.

எங்கள் வீட்டில் பால்மா. வரிசை முடிந்த மாதத்திலிருந்து பால்மாதான். அம்மா சமையலறைத் தட்டில் பக்கெட்டைக் கவ்வி போட்டு வைத்திருப்பார். நான் விடிய எழும்பி, கொதிதண்ணீரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, அந்தப் பெண்ணின் தொட்டியைத் திருத்தப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு மேல். ஒருநாள்கூட அது எனக்கு உறுத்தவில்லை.

"உங்க பால்தான் அக்கா. நவ்பர் நானா கடையில சொல்லி எடுக்கிறோம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்பிடிங்களா" என்றார். பிறகு, "எந்த நூலு?"

"செவப்பு" என்றேன்.

அவர் கேத்தலை எடுத்து, என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குடிங்க தம்பி, வெளிய பனி என்றார். அவ்வளவுதான்.

ஜூலை எட்டாந் திகதி காலை, அவரை உள்ளே கிடத்தியிருந்த நேரத்தில், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தொட்டியடியில் நின்று கேன்களை எண்ணினேன் என்றேனே. எட்டு இடம், ஏழு கேன். சிவப்பு இல்லை. மகேஸ்வரியிடம் கேட்டேன்.

"செவப்பு வீட்டு மாட்ட போன ஐப்பசியிலயே வித்துட்டாங்களே" என்றார். "பாலு போகலன்னு. அக்கா அன்னைக்கு பூராவும் சோறு திங்கல. ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஐப்பசியில் விற்ற மாட்டின் பாலைத் தையில் குடித்ததாக நான் சொன்னேன். அவர் எனக்கு டீ ஊற்றினார்.

அந்தக் காலையில் இன்னொன்றும் நடந்தது. தொட்டியில் இருந்த பாலை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டவும் முடியாது, பஸ்ஸும் போய்விட்டது. மகேஸ்வரிதான் முதலில் போய் பச்சை நூல் கேனைத் தூக்கினார். பிறகு நீலம் வந்தது. பிறகு மஞ்சள். நூலைப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக, அவரவர் கேனை எடுத்துக்கொண்டு அவரவர் காம்பிராவுக்குப் போனார்கள். ஒருவர் கேனை ஒருவர் மாற்றி எடுக்கவில்லை. கடைசியில் தொட்டியில் வெறும் தண்ணீர். நான்கு பாகை. நான் பிளக்கைக் கழற்றினேன்.

மூன்றாம் நாளே மாட்டு வியாபாரியின் லொறி லயத்துக்கு வந்திருக்கிறது. மோப்பம் பிடிக்கிற திறமை அந்தத் தொழிலுக்கு வேண்டும், அவரைக் குறை சொல்லவில்லை. பதினாறு முடியட்டும் என்று மகேஸ்வரி திருப்பி அனுப்பியிருக்கிறார். வருகிற புதன்கிழமை வியாபாரி மறுபடியும் வருவார். ஏழு மாடும் ஏறலாம். கூட்டம் முடிந்து இன்று மத்தியானம் லயத்துக்குப் போனபோது மகேஸ்வரி நேராகச் சொன்னார்: "நாங்க கறப்போம் தம்பி. கறக்கத் தெரியும். பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க எட்டு மணிக்கு நிக்கணும், டவுனுக்கு யாரு கொண்டு போறது? கொண்டு போனாலும் வாங்க யாரு இருக்கா?" என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

உங்களுக்கு நான் அறிவுரை சொல்லப் போவதில்லை. அதற்குத் தகுதி நவ்பர் நானாவுக்கு மட்டும்தான் உண்டு, அவருக்கு டீ ஆற்றவே நேரம் போதாது. "ஆதரவு" என்ற சொல்லை மட்டும் கொஞ்ச நாளைக்கு யாரும் என் காதில் போடவேண்டாம். புஷ்பராணி அக்கா யாரிடமும் ஆதரவு கேட்டதில்லை. பால் விற்றார்.

பிஸ்கட் டின்னை மகேஸ்வரி என்னிடம் தந்தார். அதில் யாருக்கும் சொந்தமில்லாத நான்கு நூல்கள் இருந்தன. மூன்று, என்னால் மாடு விற்ற வீடுகளுடையவை. அவற்றை மகேஸ்வரியிடமே திருப்பிக் கொடுத்தேன். நான்காவதை வைத்துக்கொண்டேன். அக்காவுடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஒரு சாண் நீளம், ஸ்வெட்டர் கம்பளி, பால் வாடை இன்னும் போகவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று மாலை தொட்டிக்குப் பிளக்கைப் போடுவது. நான்கு பாகைக்கு இறங்க ஒரு இரவு எடுக்கும்.

2. நாளை திங்கட்கிழமை விடிய ஐந்தேகாலுக்கு லயத்தில் நிற்பது. பதினெட்டுப் போத்தலும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அடங்கும், அளந்து பார்த்துவிட்டேன். அந்தப் பொன்னாடையைச் சுற்றித்தான் கொண்டு போவேன்.

3. நவ்பர் நானாவுக்கு ஏழு மணிக்கு முன்.

4. பழைய வாடிக்கை வீடுகளின் கதவைத் தட்டுவது. நாய் இருக்கிற வீடு எதுவென்று கடிபட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இம்முறை எழுதி வைப்பேன், பிரதி மகேஸ்வரியிடம் இருக்கும். அதிபர் வீட்டுக்குக் கிழமைக்கு இரண்டு போத்தல் என்றாலும் கொடுப்பேன். அக்கா கோபித்துக்கொள்ளட்டும்.

5. சங்கத் தலைவர் வீட்டுக்கும் போவது. "நாலு போத்தல் எடுத்து வைக்கச் சொன்னீங்களே" என்று கேட்பேன்.

6. புதன்கிழமை லொறி வரும்போது அங்கே இருப்பது. விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மூன்று நாள் பால் போயிருக்கிறது என்று மட்டும் சொல்வேன். போயிருந்தால்.

7. எங்கள் வீட்டுத் தட்டிலிருக்கும் பால்மா பக்கெட்டை அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுத்து, சங்க மண்டபத்துக்குப் பின்னால் மற்ற பக்கெட்டுகளோடு போடுவது. நாளையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பச்சை.

8. சிவப்பு நூல் என் கருவிப் பையில் இருக்கும். யாராவது என்ன பால் குடிக்கிறீர்கள் என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அதைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த வீடு மறுபடியும் ஒரு மாடு வாங்குகிற அன்று கொண்டுபோய்க் கேனில் கட்டுவேன்.